ஆய்வகம் இல்லாத மூன்றாம் வகுப்பில் என்ன சோதனை செய்யலாம்?

கேட்டவர் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர். 32 பிள்ளைகள். ஆய்வகம் கிடையாது, பீரோவில் ஒரே ஒரு பூதக்கண்ணாடி. மாதம் இருநூறு ரூபாய் வரை கைக்காசு போடத் தயார். பிள்ளைகளே கையால் செய்கிற மாதிரி என்ன சோதனைகள் உண்டு, எப்படி நடத்துவது, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடாதா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். ஆகும். முதல் இரண்டு மூன்று வாரம் சந்தைக்கடைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்புறம் பிள்ளைகளுக்கே பழகிவிடும்.

நான் 27 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி நானே செய்து காட்டுவேன். முன் வரிசை நாலு பேர் சோதனையைப் பார்ப்பார்கள், பின் வரிசை முன் வரிசையின் முதுகைப் பார்க்கும். கடைசியில் கைதட்டல். மறுநாள் கேட்டால் "சார் மேஜிக் பண்ணீங்களே" என்பார்கள். பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, மேஜிக் என்ற வார்த்தை பாராட்டு இல்லை என்று. மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் வட்டாரத்தில் 1972இல் 16 பள்ளிகளோடு தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் ஒன்று இருந்தது. அங்கே நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து, தாங்களே செய்து, கண்டதை எழுத வேண்டும். சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும் வைத்து உருவங்கள் கட்டிக் காட்டிய அரவிந்த் குப்தாவும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்தான். அது நடுநிலைப் பள்ளிக்கான திட்டம். ஆனாலும் நாலு பேருக்கு ஒரு செட் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எட்டு செட். இருநூறு ரூபாய்க்குள் எட்டு செட் தேறாத சோதனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொரு சல்லடையும் வைத்திருக்கிறேன். இதில் பிள்ளை எதையாவது மாற்றிப் பார்க்க முடியுமா? முடிந்தால் சோதனை. முடியாவிட்டால் வேடிக்கை. இணையத்தில் எங்கே பார்த்தாலும் வருகிற அந்த எரிமலை இருக்கிறதே, களிமண் மலை செய்து உள்ளே ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றுவது, அது எனக்கு ஆகாது. எரிமலை அப்படி வெடிப்பதும் இல்லை, பொங்கி முடிந்ததும் பிள்ளைக்குச் செய்ய வேலையும் இல்லை. அதே சோடாவை பலூனுக்குள் போட்டு, எலுமிச்சைச் சாறு இருக்கிற சின்ன பாட்டிலின் வாயில் மாட்டிக் கவிழ்த்தால் பலூன் உப்பும். ஒரு கரண்டி போட்டால் எவ்வளவு, இரண்டு போட்டால் எவ்வளவு, சாறு குறைந்தால் என்ன என்று கேள்விகள் வரும்.

சரி, முதல் வாரம் எதில் தொடங்குவது? என் சிபாரிசு மஞ்சள்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, வீட்டில் சோப்பு போட்டதும் கறை பளிச்சென்று சிவந்ததைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. அங்கிருந்தே ஆரம்பியுங்கள். முந்தின நாள் மாலை இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, பழைய நோட்டின் எழுதாத தாள்களில் தடவி ஃபேன் காற்றில் காய வையுங்கள். மறுநாள் குழுவுக்கு நாலு தாள், ஒரு மூடியில் சோப்புத் தண்ணீர், ஒரு மூடியில் எலுமிச்சைச் சாறு, ஈர்க்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு. சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். சிவப்பில் எழுத்து விழும். வகுப்பே கத்தும், கத்தட்டும். பிறகு அதன்மேல் எலுமிச்சைச் சாறு வைக்கச் சொல்லுங்கள், மறுபடி மஞ்சளாகும். எதையும் விளக்காமல், "அடுத்த வாரம் உங்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கொண்டு வாருங்கள், அது மஞ்சளைச் சிவக்க வைக்குமா என்று பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

சுவாரசியம் அடுத்த வாரம்தான். புளித் தண்ணீர், மோர், உப்பு, சர்க்கரை, பற்பசை, ஷாம்பூ பாக்கெட், துணி சோடா எல்லாம் வரும். ஷாம்பூவில் பெரும்பாலும் ஏமாந்து போவார்கள். நுரை வருகிறது, சோப்பு மாதிரியே இருக்கிறது, ஆனால் அநேகமாகச் சிவக்காது. ஒரு வருடம் ஒரு பையன் பாட்டி வீட்டு விறகடுப்புச் சாம்பலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தான். தண்ணீரில் குழைத்துத் தொட்டு வைத்தான். நன்றாகச் சிவந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அப்ப சாம்பலும் சோப்பா?" என்றான். அவன் பாட்டி பாத்திரம் தேய்த்தது எதை வைத்து என்று திருப்பிக் கேட்டேன். அதற்கப்புறம் நான் காரம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது அது காலியான சொல்லாக இல்லை. மிளகாய்க் காரம் வேறு, இந்தக் காரம் வேறு என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். யாராவது மிளகாய்ப்பொடி கொண்டு வருவார்கள், நிச்சயம்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. அது காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். வெறும் தண்ணீருக்கும் புளிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் குறை சொன்னால் இன்னும் நல்லது. அப்போது செம்பருத்தியை எடுங்கள். சிவப்புச் செம்பருத்தி இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் ஊதாவாகப் பிடிக்கும். அதில் எலுமிச்சை ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, பச்சை. நீலச் சங்குப்பூவும் இதே வேலையைச் செய்யும். வேறு பூக்கள் செய்யுமா என்று கேட்டால் "தெரியவில்லை, பறித்துப் பார்" என்பதுதான் சரியான பதில். (அரளி, எருக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) இவற்றில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் குங்குமச் சிவப்பு வரும், அது பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, ஆகவே பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதாக மிதப்பதும் மூழ்குவதும். எல்லோரும் செய்வதுதான், ஆனால் அவசரமாகச் செய்து கெடுத்துவிடுவார்கள். பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது: கனமானது மூழ்கும். இந்த விதியை நீங்கள் மறுத்துப் பேச வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் குண்டூசியையும் மட்டை உரிக்காத தேங்காயையும் போடச் சொல்லுங்கள், அது போதும். பிறகு உரிக்காத ஆரஞ்சு மிதக்கும், அதையே உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். எடை குறைந்தும் மூழ்குகிறது. இதில் ஒரு சண்டை வரும், வரட்டும்.

அடுத்தது படகு. சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி ஆளுக்கு ஒன்று. யார் படகு அதிகம் புளியங்கொட்டை தாங்குகிறது என்று போட்டி. நான் பல வருடம் சறுக்கிய இடம் இது: "இதே தாளை உருட்டிப் போட்டால் மூழ்கிவிடும் பார்" என்று சொல்லிக்கொண்டே உருட்டிப் போடுவேன், அது மிதக்கும். கையால் கசக்கிய உருண்டைக்குள் காற்று நிறைய இருக்கிறது. கல்லை வைத்து நசுக்கித் தட்டித் தட்டித் தகடாக்கினால்தான் மூழ்கும். இப்போது அதையே பாடமாக்கிக்கொண்டேன். முதலில் கசக்கிப் போடச் சொல்வது, மிதந்ததும் "இதை எப்படி மூழ்கடிப்பீர்கள்?" என்று கேட்பது. கல்லை எடுத்துத் தட்டும் யோசனை எப்போதும் ஏதாவது ஒரு குழுவில் தானாக வரும்.

முட்டையும் உப்பும் நாலாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் ஊர் நெல் விளைகிற ஊர் என்றால் மூன்றாம் வகுப்பிலேயே செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் முட்டை மூழ்கிக் கிடக்கும். ஒவ்வொரு கரண்டியாக உப்புப் போட்டுக் கலக்கினால், மூன்று நான்கு மேசைக்கரண்டிக்குள் எழும்பி மிதக்கும். எத்தனை கரண்டியில் என்று குழுவுக்குக் குழு மாறும், எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். விதைநெல்லைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, போட்ட முட்டை நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரியும்போது நிறுத்துவார்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறும் மிதக்கும், நல்ல மணி அடியில் நிற்கும். அதை நல்ல தண்ணீரில் அலசித்தான் விதைப்பார்கள். இந்த முறை தெரிந்த ஒரு தாத்தா வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் பேசினால், நீங்களும் நானும் அரை நாள் பேசுவதை விட மேல்.

விதை முளைப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும், அதனால் அதில் ஒரு விஷயம் மட்டும். பச்சைப்பயறை ஒரு இரவு ஊற வைத்து, ஈரப் பஞ்சில் போட்டு, ஒன்றை ஜன்னலோரமும் மற்றொன்றை அட்டைப் பெட்டிக்குள்ளும் வைக்கச் சொல்லுங்கள். இருட்டில் முளைக்காது என்றே கிட்டத்தட்ட எல்லோரும் எழுதுவார்கள். முளைக்கும். அதுவும் வெளிச்சத்தில் இருப்பதைத் தாண்டி நெட்டையாக, வெளிர் மஞ்சளாக வளரும். தென்மாவட்டப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் "முளைப்பாரி!" என்பார்கள். திருவிழாவுக்கு முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது, பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் இரண்டொரு நாளில் பச்சையாகும், அதையும் பார்க்க விடுங்கள். பஞ்சில் தண்ணீர் தேங்கினால் நாற்றமடிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் தொடங்காதீர்கள். நான் ஒருமுறை தொடங்கினேன், திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

அரைமணி நேரம் மிச்சமிருக்கும் நாட்களுக்குச் சில. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி ஆற்று மணலில் துழாவினால் கறுப்புப் பொடி ஒட்டும், பையைக் கழற்றினால் உதிரும். ஒரு கரண்டியை நூலின் நடுவில் கட்டி, நூல் முனைகளை இரண்டு ஆள்காட்டி விரலிலும் சுற்றிக் காதில் வைத்துக்கொண்டு, கரண்டியை பெஞ்சில் மோதவிட்டால் கோயில் மணி கேட்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு வெறும் டிங். தண்ணீர் பாட்டிலின் அடியோரம் ஊசியால் துளை போட்டு, மூடியைத் திறந்தால் பீச்சும், இறுக்கினால் நிற்கும். ஏன் நிற்கிறது என்று சொல்லாமல் ஒரு வாரம் பாட்டிலை வகுப்பிலேயே விட்டுவையுங்கள். இரண்டாவது துளை போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள்.

வெளியே போக முடிந்தால் நிழல். விளையாட்டு மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைப்பது. நிழல் எப்போது மிகச் சின்னது? பன்னிரண்டு மணிக்கு என்பார்கள். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தில். தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால் வருடத்தின் பெரும்பகுதியில் உச்சி பன்னிரண்டைத் தாண்டித்தான் வரும். இதை மூன்றாம் வகுப்புக்கு விளக்க வேண்டாம், கல்லை எண்ணச் சொன்னால் போதும். ஆகஸ்டில் ஒரு நாள் உச்சிநேரத்தில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. சென்னையில் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, மதுரையில் 27ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். ஏப்ரலிலும் ஒரு நாள் வரும், ஆனால் அது பரீட்சை சமயம். மேகம் மறைத்தால் போயிற்று, அதற்கு மருந்து கிடையாது.

இப்போது ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் வெட்கத்தோடு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடுகிற சோதனை உங்களுக்குத் தெரியும். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பேச்சே வராத பிள்ளை, "ரெண்டு மெழுகுவத்தி வெச்சா சார்?" என்றாள். வைத்தோம். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. மூன்று வைத்தோம். இன்னும் மேலே. அதே டம்ளர், அதே காற்று. ஆக்சிஜன் எங்கிருந்து கூடியது? எனக்குப் பதில் தெரியவில்லை. மணி அடித்துக் காப்பாற்றியது.

வீட்டில் போய் மறுபடி செய்து பார்த்தேன். ஒன்றை அதுவரை கவனிக்கவே இல்லை. சுடர் எரியும்போது தண்ணீர் அதிகம் ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்வதால் ஏறுகிறது என்றால் ஆரம்பத்திலிருந்தே மெல்ல ஏற வேண்டும். நடப்பது வேறு. சுடரின் சூட்டில் காற்று விரிந்து, மூடும்போதே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, சில சமயம் விளிம்பில் குமிழி வருவதைக்கூடப் பார்க்கலாம். அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்தி கூடினால் சூடு கூடும், சுருக்கமும் கூடும். போதாததற்கு, ஆக்சிஜன் முழுக்கத் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும், எரிந்ததால் உண்டான கரியமில வாயுவும் உள்ளேயே இடம் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் வகுப்பில் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள், எதிர்பார்த்த மாதிரி.

மூன்றாம் வகுப்புக்கு நெருப்பு வேண்டாம். காற்று சூட்டில் விரியும் என்பதற்கு, காலி பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி, நீங்கள் வைத்திருக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். பலூன் எழுந்து, தொங்கிப் போகும்.

எழுதுவது பற்றி. நோட்டில் இரண்டு கட்டம்: "என்ன ஆகும் என்று நினைத்தேன்", "என்ன ஆனது". எழுத வராதவர்கள் படம் போடட்டும். முதல் கட்டத்தை எல்லோரும் நிரப்பிய பிறகுதான் சாமானைக் கொடுக்க வேண்டும், இதில் மட்டும் கறாராக இருங்கள். சாமான் கைக்குப் போனால் நோட்டு போயிற்று. இன்னொன்று, முடிவு தெரிந்ததும் நல்ல பிள்ளைகள் ரப்பரை எடுத்து, முதலில் நினைத்ததை அழித்துவிட்டுச் சரியாக எழுதி வைப்பார்கள். தப்பு என்றால் சிவப்பு மையில் அடி விழும் என்றுதானே நாம் பழக்கியிருக்கிறோம். ஆகவே அந்தப் பக்கத்துக்கு மட்டும் பேனா கொடுத்துவிடுங்கள், டிக் எதுவும் போடாதீர்கள்.

தலைமையாசிரியர் பாடம் முடியவில்லை என்றால், வாரத்துக்கு ஒரு பீரியடு, நாற்பது நிமிடம் என்று கேளுங்கள். பத்து நிமிடம் நினைத்ததை எழுத, இருபது நிமிடம் செய்ய, பத்து நிமிடம் துடைத்து அள்ள. பேச்சை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அள்ளும் நேரத்தைக் குறைத்தால் அடுத்த பீரியடு ஆசிரியர் உங்களோடு பேச மாட்டார்.

செலவுக் கணக்கும் கேட்டிருந்தீர்கள். மூடிகள், பாட்டில்கள், நூல், புளியங்கொட்டை, ஈர்க்குச்சி எல்லாம் பிள்ளைகளே கொண்டு வருவார்கள். மஞ்சள்தூள், எலுமிச்சை, அலுமினியத் தாள், பலூன், ஆப்ப சோடா மட்டும்தான் வாங்க வேண்டும். மஞ்சள் வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள். சீருடையில் கறை படும், சனி ஞாயிறு துவைக்க நேரம் இருக்கும். வெயிலில் நன்றாக உலர்த்தினால் மஞ்சள் கறை மங்கிவிடும் என்று வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் சொல்லியனுப்புங்கள். நம்பாதவர்கள் பாதிக் கறையைத் துணி போட்டு மூடி வைத்துப் பார்க்கட்டும்.